பக்கத்து வீட்டுக்காரர் சாமியைப் பற்றிப் பேச வந்தால்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார், இளைஞர் அணியினருக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்பளம், ஈ.பி.எஃப்., காணி என்று பேச வேண்டிய இடத்தில் சாமியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். சங்கத்துக்கு மதம் கிடையாது. சங்கத்தில் இருக்கிற எங்களுக்கு இருக்கிறது. அதனால் வந்த ஒரு வினையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மழைக்காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து எங்களுக்குப் பெட்டிசம் வந்தது. பீலிச் சண்டை. ஒரே லயத்தின் மேற்புறத்தாரும் கீழ்ப்புறத்தாரும் தண்ணி பிடிக்கிற முறைக்கு அடித்துக்கொள்கிறார்கள், வந்து தீர்த்துவையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேர் போனோம். பீலியைப் பார்த்தால் தண்ணி நன்றாகத்தான் கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் தண்ணிக்கு என்ன பஞ்சம்? அன்று பின்னேரம் வரைக்கும் வீடு வீடாக இருந்து பேசிய பிறகுதான் விசயம் வெளியே வந்தது.

பதினொரு வருசம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த இரண்டு பெண்கள். ஒருவர் இரண்டு வருசமாக ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவர். மற்றவர் மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர். பால்குடம் எடுக்கிறவரின் சின்னப் பிள்ளைக்கு முட்டு வந்து, ராத்திரியில் மூச்சு விட ஏலாமல் கிடந்தது. விடிந்ததும் ஜெபத்துக்குப் போகிறவர் வாசலுக்கு வந்து ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, “பிள்ளைக்காக ராத்திரியெல்லாம் ஜெபிச்சோம். ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. அந்தக் கல்லைக் கும்பிட்டு என்னத்தக் கண்டீங்க?” என்று கேட்டிருக்கிறார். இவர் அந்தத் தாளை வாங்கி, அவர் பார்க்கவே அடுப்பில் போட்டுவிட்டு, “பால்மாவுக்கு விலை போறவங்க நாங்க இல்ல” என்று சொல்லியிருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பேச்சு.

அந்தத் தைப்பொங்கலுக்குக் கீழ்ப்புறத்துக்குப் போன பொங்கல் தட்டு மூடியபடியே திரும்பி வந்தது. பிறகு கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்தது. பிறகு ஜெபத்துக்குப் போகிறவரின் மாமியார் செத்துப்போனார். எங்கள் தோட்டங்களில் குழி வெட்டக் கூப்பிட வேண்டியதில்லை, சாவு என்று கேட்டதும் மண்வெட்டியோடு வருவார்கள். அன்றைக்கு மேற்புறத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கொட்டுகிற மழையில் நான்கு பேர் குழி வெட்டினார்கள். அந்தக் கிழவி மேற்புறத்துப் பிள்ளைகளையும் பிள்ளை மடுவத்தில் வைத்துப் பார்த்த ஆயா. இதைச் சொல்லும்போது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. அதில் வராமல் நின்றவர்களில் எங்கள் சங்கத்துத் தலைவர் ஒருவரும் இருந்தார்.

அதே காலத்தில்தான் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ கூடுதலாக வெட்டத் தொடங்கியிருந்தார்கள். துரைக்குக் கொடுக்கக் கடிதம் எழுதினோம். மேற்புறத்துத் தலைவர் எழுதிய கடிதம் என்று கீழ்ப்புறத்தார் ஒருவரும் ஒப்பம் வைக்கவில்லை. பாதி லயத்து ஒப்பத்தோடு போன கடிதத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெட்டிய கிலோவில் மேற்புறத்துக் கொழுந்து, கீழ்ப்புறத்துக் கொழுந்து என்று பார்க்கப்படவில்லை.

அதனால்தான் இந்தப் பேச்சு.

அந்த இரண்டு பேச்சையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். “பிள்ளைக்காக ஜெபிச்சோம்” என்பது அன்பான பேச்சு. ராத்திரி தூக்கத்தை விட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையை நினைத்திருக்கிறார். “ஞாயித்துக்கிழமை வாங்க” என்பது அழைப்பு, அதிலும் பிழை இல்லை. “கல்லைக் கும்பிட்டு என்னத்தக் கண்டீங்க” என்கிற இடத்தில்தான் நெருப்புப் பிடித்தது. தன் சாமியைப் பற்றிச் சொல்ல வந்தவர் அடுத்தவர் சாமியைப் பற்றிப் பேசிவிட்டார்.

பதில் சொன்னவரும் அந்த மூன்றில் கடைசிப் பேச்சுக்கு மட்டும்தான் பதில் சொன்னார். முதல் பேச்சு அவர் காதில் விழவே இல்லை. பிள்ளை மூச்சுத் திணறுகிறபோது யாருக்கு விழும்? ஆனாலும் இதை நாங்கள் பழகிக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று ஒருவர் தன் நம்பிக்கையைச் சொல்லும்போது அதில் அன்பு எது, அழைப்பு எது, குத்தல் எது என்று மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும். அன்புக்கு நன்றி சொல்லலாம். அழைப்புக்கு வருகிறோம், வரவில்லை என்று சொல்லலாம். குத்தலுக்கும் பதில் உண்டு, அதைக் கடைசியாக, குரலை உயர்த்தாமல் சொல்லலாம். “அக்கா, பிள்ளைய நெனச்சதுக்குப் பெரிய சந்தோசம். எங்க வீட்டுல அம்மனைத்தான் கும்பிடுறோம், அத மாத்துற எண்ணம் இல்ல. அம்மனைக் கல்லுன்னு மட்டும் சொல்லாதீங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.” இதைச் சொல்ல ஒரு நிமிசம் ஆகுமா? இதில் பொய் இல்லை, பயம் இல்லை. விட்டுக்கொடுத்ததும் ஒன்றும் இல்லை.

சிலர் வேறு மாதிரிச் செய்கிறார்கள். மறுக்க வெட்கப்பட்டு, “சரிக்கா, பாப்போம், வாறோம்” என்று சொல்லிவிடுகிறார்கள். வருவார் என்று அவர் இடம் பிடித்து வைத்துக் காத்திருப்பார். அடுத்த வாரம் திரும்ப வருவார். மூன்றாம் வாரம் இவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். காம்பராவுக்குள்ளே மூச்சு விட்டாலும் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும், ஒளிந்திருப்பது தெரியாதா? தன்மையாகச் சொல்கிற “இல்லை” மரியாதைக் குறைவு கிடையாது. வராத இடத்துக்கு வருகிறேன் என்று சொல்லி அலைய வைப்பதுதான் மரியாதைக் குறைவு.

பொங்கல் தட்டின் கதையைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் லயங்களில் அதிகமாக மனம் உடைவது சாப்பாட்டில்தான். தட்டைக் கொடுத்தவருக்கு அது பாசம். வாங்க மறுத்தவருக்கு அது படைத்த சாப்பாடு, தன் நம்பிக்கைப்படி சாப்பிடக் கூடாதது. “என் கையால குடுத்ததைத் தள்ளிட்டாங்க” என்று ஒருவர் அழுகிறார். “என்னைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துறாங்க” என்று மற்றவர் அழுகிறார். இருவருமே நல்லவர்கள். நாங்கள் போன சில வீடுகளில் பெரியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பானையிலிருந்து சாமிக்கு எடுப்பதற்கு முன்னாலேயே ஜெப வீட்டுக்கு என்று ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். “இது படைக்காதது, பிள்ளைகளுக்குக் குடுங்க” என்று கொடுத்துவிடுகிறார்கள். அதை அந்த வீட்டார் சிரித்த முகத்தோடு வாங்குகிறார்கள், நத்தாருக்குக் கேக் துண்டைத் திருப்பிக் கொடுத்தனுப்புகிறார்கள். வேதக்கார வீடுகளில் பொங்கலே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம். வாங்க முடியாதவரும் தட்டை மூடியபடி பிள்ளை கையில் திருப்பி அனுப்பக் கூடாது. தானே எழுந்து போய், “அண்ணி, நான் படைச்சது சாப்பிடுறதில்ல, உங்க மேல ஒன்னும் இல்ல” என்று வாயால் சொல்ல வேண்டும். திருநீறும் அப்படித்தான். நீட்டிய கையைத் தட்டிவிடுவது ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டு “எனக்கு வேணாங்க” என்பது இன்னொன்று.

இனி அந்த “பால்மா” பேச்சு. மதம் மாறியவர்களை எல்லாம் பால்மாவுக்கும் அரிசிக்கும் மாறியவர்கள் என்று சொல்கிறோமே, அது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்தோமா? எங்களை விலைக்கு வாங்கலாம் என்று தோட்டத்து மேலதிகாரிகள் நினைத்தால் கொதித்துப் போகிறோம். அதே பேச்சை எங்கள் கூட வேலை செய்கிறவரைப் பார்த்து நாங்களே பேசுகிறோம். அந்தப் பெண்ணிடம் ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டோம். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டோம். அவர் சொன்னார்: “எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அடிச்ச காலத்துல, ராத்திரி எந்த வீட்டுக் கதவும் திறக்கல. அவங்கதான் வந்தாங்க. மூனு மாசம் தெனமும் வந்து அவர்கூட இருந்தாங்க. இப்ப அவர் குடிக்கிறதில்ல.”

எங்களால் அதற்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த லயத்தில் சங்கம் இருந்தது. கோயில் கமிட்டி இருந்தது. மாதர் சங்கம் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. கதவு திறக்காதது நாங்கள்தான்.

உதவிக்கு விலை கேட்கிற இடங்களும் இல்லாமல் இல்லை. கூட்டத்துக்கு வந்தால்தான் பிள்ளைக்குக் கொப்பி தருவோம், சாமிப் படத்தைக் கழற்றினால்தான் கூரைத் தகரம் தருவோம் என்று யாராவது சொன்னால், அது நம்பிக்கையைப் பகிர்வது ஆகாது, வியாபாரம். “உதவி செய்ய மனம் இருந்தா செய்யுங்க, சாமிய மாத்துறதுக்கு வாங்க மாட்டோம்” என்று நேராகச் சொல்லுங்கள். ஜெபத்தால் மட்டும் சுகமாகும், மருந்தை நிறுத்து என்று யார் சொன்னாலும், பாஸ்டர் சொன்னாலும் பூசாரி சொன்னாலும், கேட்காதீர்கள். ஜெபிக்கிறவர் ஜெபிக்கட்டும், மந்திரிக்கிறவர் மந்திரிக்கட்டும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆசிரியராக நிற்கிற எங்கள் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாடசாலையில் காலையில் தேவாரம் பாடி, திருநீறு பூசுவது வழக்கம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி நெற்றியைக் காட்டாமல் குனிந்து நின்றாள். “பூசினா என்ன, சாமி கடிச்சிருமா?” என்று கேட்டோம். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மூன்று நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. நாலாம் நாள் தாய் வேலைக்குப் போகாமல் அரைப் பேரை விட்டுவிட்டு வந்து சொன்னார்: “டீச்சர், நீங்க பூசச் சொன்னா அவ பூசிக்குவா. எல்லாரும் சிரிச்சதுதான் அவளுக்கு ஏலாமப் போச்சு.” அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் பிழையைச் சொன்னோம். பத்து வயதுப் பிள்ளைக்கு டீச்சரிடம் “எனக்கு வேணாம்” என்று சொல்ல எங்கே வாய் வரும்? சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவரிடம் போய் எங்கள் நம்பிக்கையை வைப்பது பகிர்தல் ஆகாது. கணக்கப்பிள்ளை தன் கீழ் வேலை செய்கிறவரிடம் கோயிலைப் பற்றியோ சபையைப் பற்றியோ அழுத்திப் பேசினாலும் அப்படித்தான். தலைவர்மாரே, நீங்களும் அதில் சேர்த்தி. கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறவரிடம் சாமியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். வந்த வேலை முடியும் வரைக்கும் அவர் தலையை ஆட்டத்தான் செய்வார்.

சம்பளத்தில் கோயில் பணம் வெட்டுகிற தோட்டங்கள் இருக்கின்றன. தனக்கு வெட்ட வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். அவர் உழைத்த காசு. திருவிழா நாளில் அவர் பிள்ளைக்கும் ராட்டினம் சுற்ற இடம் இருக்கட்டும்.

இது புதிதாக வந்த பிரச்சினை என்று நினைக்காதீர்கள். தோட்டத் தொழிலாளர்களிடம் கிறிஸ்தவத்தைச் சொல்லவென்றே 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்று ஒன்று தொடங்கினார்கள். பெயரைப் பாருங்கள், சாமியைச் சொல்ல வந்தவர்களும் எங்களைக் கூலி என்றுதான் எழுதிவைத்தார்கள். உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து வந்து பேசினார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்மாரில் சிலர் ஏற்றுக்கொண்டார்கள், பலர் கேட்டுவிட்டு மாரியம்மனிடமே இருந்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தரப்பும் ஒரே லயத்தில் இருந்து, ஒரே பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து வந்தார்கள். சங்கம் கட்டிய காலத்தையும் பாருங்கள். நடேச ஐயர் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அப்துல் அஸீஸ் முஸ்லிம். இந்துக்களே அதிகமாக இருந்த தோட்டத் தொழிலாளர்கள் அஸீஸை இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவராக ஏற்றார்கள். பிறகு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அவர் நடத்தியபோதும் அவர் பின்னால் போனார்கள். அவர் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுகிறார் என்று பார்த்து யாரும் சந்தா கட்டவில்லை.

சட்டத்தையும் இரண்டு வரியில் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது. 14ஆம் உறுப்புரையில் அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிக்காட்டுகிற உரிமை இருக்கிறது. 2004இல் பலவந்த மதமாற்றத்தைத் தடுக்க என்று ஒரு சட்டமூலம் வந்தது. அதன் சில பகுதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது நிறைவேறவில்லை. ஆக, வாசலில் வந்து பேசுவது குற்றம் கிடையாது. வேண்டாம் என்பதும் குற்றம் கிடையாது. ஆனால் பீலிக்கரையில் முகம் கொடுத்துப் பேசுவதா இல்லையா என்பதற்குச் சட்டத்தில் உறுப்புரை இல்லை, அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு இது தெரியாத பழக்கமும் இல்லை. வெசாக் தன்சலில் வரிசையில் நின்று சோறு வாங்கும்போது, அதன் புண்ணியத்தைப் பற்றிச் சிங்களத்தில் அவர்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டு, ஸ்தூதி சொல்லிவிட்டுத்தானே வருகிறோம். சீசனில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறியவர்கள் இங்கே பாதிப்பேர் இருப்பீர்கள். உச்சியில் இருக்கிற பாதத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், நாங்கள் சிவனுடையது என்கிறோம், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்கிறார்கள், புனித தோமையாருடையது என்கிற கிறிஸ்தவர்களும் உண்டு. படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் தன் கதையைச் சொல்வார். “அப்படியா, எங்க பக்கத்துல இப்படிச் சொல்லுவாங்க” என்று எங்கள் கதையைச் சொல்வோம். சண்டையா வருகிறது? குளிரில் இஞ்சித் தேத்தண்ணிதான் வருகிறது. டவுனில் நானா கடையில் நோன்புக் கஞ்சி கொடுக்கும்போதும் அப்படித்தான் இருந்தோம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு ஒரு மாதம் நாங்களும் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. திரும்பப் போன நாளில் அவர் எதுவும் கேட்காமல், வழக்கம்போல கொப்பியை எடுத்து எங்கள் கடன் கணக்கைப் பார்த்தார். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுருங்குகிறது.

மலையில் தெரியாதவரிடம் இருக்கிற பொறுமை லயத்தில் தெரிந்தவரிடம் வராததற்குக் காரணம் உண்டு. தெரியாதவர் மாறிவிட்டார் என்ற கோபம் எங்களுக்கு இல்லை. கூடப் பால்குடம் எடுத்தவர், கூடக் கரகம் பார்த்தவர் ஒரு நாள் வேறு பக்கம் போனால், எங்களையே விட்டுப் போனதாக நினைக்கிறோம். போனவருக்கும், தான் கண்டதை இவர்கள் காணவில்லையே என்ற அவசரம். இரண்டிலும் பாசம் இருக்கிறது. பாசம் இருக்கிற இடத்தில்தான் வார்த்தை தடிக்கிறது.

பீலிச் சண்டை நடந்த தோட்டத்துக்கு நாங்கள் மூன்று முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை குழி வெட்ட வராத தலைவர் எழுந்து, கீழ்ப்புறத்தாரைப் பார்த்து, “அன்னைக்கு நான் வராதது பிழை” என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார். கடிதத்தைத் திரும்ப எழுதினோம். எழுதியது கீழ்ப்புறத்துத் தம்பி, முதல் ஒப்பம் மேற்புறத்துப் பாட்டி. கிலோ வெட்டுவது முழுதாக நிற்கவில்லை, கூடைக்கு என்று வெட்டியது நின்றது. ஈரத்துக்கு வெட்டுவதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த இரண்டு பெண்களும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நிரையில் இப்போதும் இரண்டு பேருக்கு நடுவே வேறொருவர் நிற்கிறார். ஆனால் பால்குடம் எடுக்கிறவரின் மூத்த பிள்ளைக்குச் சடங்கு வைத்தபோது நாங்களும் போயிருந்தோம். ஜெபத்துக்குப் போகிறவர் ஒரு சேலைப் பார்சலோடு வந்தார். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. அவர் வாசலுக்கு வெளியே, தூவானத்தில், குடையோடு நின்றார். ஒருவரும் அவரை உள்ளே இழுக்கவில்லை. ஒருவரும் ஒரு சொல் சொல்லவும் இல்லை. மணிச் சத்தம் நின்றதும் வீட்டுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்.

“என்னக்கா அங்கேயே நிக்கிறீங்க, உள்ள வாங்க. சோறு ஆறுது.”